வட்டி வீதம் குறைந்தால் எங்கள் ஊரில் வளவு விலை ஏன் ஏறுகிறது?

2023 மார்ச் மாதத்தில் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு என் தம்பி கோல் எடுத்தான். "காக்கா, எட்டுப் பேர்ச்சஸ் வளவொண்டு வந்திருக்கு. பேர்ச் நாலு இலட்சம் கேக்கிறாங்க. எடுக்கவா, விடவா?" அவனுடைய மூத்த மகளுக்கு அப்போது இருபது வயது. கிழக்கில் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் பொருளியல் படிப்பித்தவன். "கொஞ்சம் பொறு" என்றேன். மத்திய வங்கி அந்த மாதத்தில்தான் தனது கொள்கை வட்டி வீதங்களை 15.5 சதவீதத்துக்கும் 16.5 சதவீதத்துக்கும் உயர்த்தியிருந்தது. வட்டி இந்த உயரத்தில் நின்றால் கடன் எடுத்துக் காணி வாங்க ஆளிருக்காது, விற்கிறவன் தானாக இறங்கி வருவான் என்பது என் கணக்கு. பாடப்புத்தகத்தில் உள்ள கணக்கும் அதுதான்.

விற்கிறவர் இறங்கி வரவில்லை. மூன்று மாதத்தில் வட்டிதான் இறங்கியது. அந்த வளவு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. இந்த வருடம் அதற்கு அடுத்த ஒழுங்கையில், அதே எட்டுப் பேர்ச்சஸுக்கு, பேர்ச் ஐந்தரை இலட்சம் என்று பேசி முடித்து தம்பி அட்வான்ஸ் கொடுத்திருக்கிறான். 32 இலட்சத்துக்கு எடுத்திருக்க வேண்டியதை 44 இலட்சத்துக்கு எடுக்கிறான். அவன் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் அந்த 12 இலட்சத்துக்கு நானும் பொறுப்பு. என் கணக்கு எங்கே பிழைத்தது என்று இந்த இரண்டு வருடங்களாக யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு எமது ஊர்களில் எத்தனையோ வாப்பாமார் இருக்கிறார்கள்.

முதலில் வட்டி வீதத்தின் கதை. நாடு வங்குரோத்து நிலைக்குப் போன 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வீதங்களை 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த வருட இறுதியில், வங்கிகள் தமது மிகச் சிறந்த வாடிக்கையாளர்களுக்குக் கடன் கொடுக்கும் சராசரி வீதமே 27 சதவீதத்தைத் தாண்டி நின்றது. திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தைத் தாண்டியது. பிறகு 2023 ஜூன் 1ஆம் திகதி இரண்டரைப் புள்ளி குறைப்பு, ஜூலையில் மேலும் இரண்டு புள்ளி, ஒக்டோபரிலும் நவம்பரிலும் ஒவ்வொரு புள்ளி. 2024இல் இன்னும் கொஞ்சம். 2024 நவம்பரில் இரண்டு வீதங்களையும் விட்டுவிட்டு 8 சதவீதம் என்ற ஒரே கொள்கை வீதத்துக்கு வந்தார்கள். 2025 மே மாதம் அது 7.75 ஆனது. அதற்குப் பின்னர் 2025இல் வந்த கூட்டங்களில் மாற்றமில்லை.

இவ்வளவையும் தேதியோடு சொல்ல முடிவதற்குக் காரணம் இருக்கிறது. வட்டி வீதத்தை இந்த நாட்டில் வாராவாரம் கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள். கடன் வீதம், வைப்பு வீதம், உண்டியல் வீதம் என எல்லாவற்றுக்கும் இலக்கம் உண்டு. காணிக்கும் வீட்டுக்கும் அப்படி இல்லை. மத்திய வங்கியின் காணி விலைச் சுட்டெண் கொழும்பு மாவட்டத்துக்கானது, அரையாண்டுக்கு ஒருமுறை வருவது. இணைய விளம்பரங்களில் விற்பவர்கள் கேட்கும் விலையை வைத்துத் தயாரிக்கும் இன்னொரு சுட்டெண்ணும் கொழும்பு மாவட்டத்துக்குத்தான். ஐக்கிய இராச்சியத்தில் இருக்கும் எமது உறவுக்காரப் பிள்ளைகள், வீட்டு விலை போன மாதத்தை விட எத்தனை சதவீதம் ஏறியது இறங்கியது என்று மாதாமாதம் பார்க்கிறார்கள். ஹாலிஃபாக்ஸ், நேஷன்வைட் என்று இரண்டு நிறுவனங்கள் போட்டி போட்டு வெளியிடுகின்றன. அது போக அரசாங்கக் கணக்கும் உண்டு. கல்முனையில், காத்தான்குடியில், அக்கரைப்பற்றில், மாவனல்லையில், புத்தளத்தில் வளவு வாங்குகிறவனுக்கு என்ன இருக்கிறது? காணி புரோக்கரின் வாய் இருக்கிறது. "போன மாசம் அந்த ஒழுங்கைல ஆறுக்குப் போச்சு" என்பான். போனதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

இலக்கம் இல்லாத இடத்தில் கொழும்பு இலக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தொலைக்காட்சியில் "காணி விலை உயர்வு" என்று ஒரு செய்தி போனால் அடுத்த நாள் சாய்ந்தமருதில் பேர்ச்சுக்கு இருபத்தையாயிரம் கூடுகிறது. கொழும்பு 7இன் காணிச் சந்தைக்கும் சாய்ந்தமருது ஒழுங்கைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார் இல்லை.

என் கணக்கு பிழைத்த முதலாவது இடம் இதுதான். எமது ஊர்ச் சந்தை கொழும்புச் சந்தை போல நடக்கும் என்று நினைத்தேன்.

கொழும்பில் காணி வாங்குபவர்களில் கணிசமானோர் வங்கிக் கடனில் வாங்குகிறார்கள். அங்கே வட்டி வீதத்துக்கும் விலைக்கும் நேர் தொடர்பு இருக்கிறது. மாதம் 60,000 ரூபா கட்டக்கூடிய ஒருவரை எடுங்கள். 15 வருடக் கடன், வட்டி 12 சதவீதமென்றால் அவரால் 50 இலட்சம் எடுக்க முடியும். வட்டி 24 சதவீதமானால் அதே 60,000 ரூபாவுக்கு 29 இலட்சம்தான் கிடைக்கும். ஆக, வட்டி ஏறும்போது வாங்குபவரின் கையிலிருக்கும் பலம் பாதிக்குக் கிட்டக் குறைகிறது. வாங்க ஆளில்லாத சந்தையில் விலை உறைந்து நிற்கும், அல்லது பொருட்களின் விலையேற்றத்தோடு ஓட முடியாமல் பின்தங்கும். 2022இல் அதுதான் நடந்தது. கொழும்புச் சுட்டெண் ஏறியது உண்மை. ஆனால் அந்த வருடம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி சராசரிப் பணவீக்கம் 46.4 சதவீதம். செப்டெம்பரில் அது 69.8 வரை போனது. காணி அதற்கு அருகில்கூட வரவில்லை. எண்ணிக்கையில் ஏறிக்கொண்டிருந்த காணி உண்மைப் பெறுமதியில் விழுந்துகொண்டிருந்தது. வாங்குவதற்கு நல்ல நேரம் என்றால் அதுதான் நல்ல நேரம். ஆனால் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்த மாதத்தில், சம்பளத்தில் வாழும் எவன் வளவைப் பற்றி யோசித்திருப்பான்?

எமது ஊர்களில் கதை வேறு. இங்கே காணி வாங்கும் சல்லியின் பெரும்பகுதி கடன் சல்லி அல்ல. சேமித்த சல்லி, நகை விற்ற சல்லி, வெளிநாட்டுச் சல்லி. வட்டி ஹராம் என்பதால் நிலையான வைப்பில் போடாமல் இருப்பவர்கள் எம்மில் நிறையப் பேர். எல்லோரும் அப்படி என்று சொல்ல வரவில்லை, ஆனால் நிறையப் பேர். வைப்பு வீதம் 25 சதவீதமாக இருந்த காலத்தில் வேறு ஊர்களில் ஒருவர் காணியை விற்றுவிட்டுச் சல்லியை வங்கியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். எங்கள் ஊரில் காணி வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை. விற்றால் அந்தச் சல்லியை எங்கே வைப்பது? நாளுக்கு நாள் கரைகிற ரூபாவாகவா? அதனால் அவர் விற்கவே இல்லை. வட்டி ஏறினால் விற்பனைக்கு வரும் காணி கூடும் என்று நான் எதிர்பார்த்தேன். எங்கள் பக்கம் அப்படிக் கூடியதாகத் தெரியவில்லை.

சரி, வட்டி வீதம் எங்களைத் தொடவில்லை என்றால், அது குறையும்போதும் தொடக்கூடாதல்லவா? அங்கேதான் இரண்டாவது பிழை. குறையும்போது தொடுகிறது.

ஒரு கோடி ரூபா வைப்பில் வைத்திருந்த ஒருவருக்கு 25 சதவீதத்தில் வருடம் 25 இலட்சம் வந்தது. 8 சதவீதத்தில் 8 இலட்சம்தான். அவர் அடுத்து என்ன செய்வார்? வாகனம் வாங்கலாமென்றால் 2020இலிருந்து இறக்குமதித் தடை, தனியார் வாகனங்களுக்கு அது நீங்கியது 2025 பெப்ரவரியில்தான். எனவே 2023இன் பிற்பகுதியிலும் 2024இலும் அந்தச் சல்லிக்குக் காணி ஒரு பிரதான வாசலாக இருந்தது. எங்கள் ஊருக்குள் வந்து காணி பார்த்தவர்களில், ஊரோடு சம்பந்தமே இல்லாத, வைப்பிலிருந்து சல்லியைக் கழற்றிய ஆட்கள் இருந்தார்கள். நகரத்தில் கடைக்காரர், ஓய்வு பெற்றவர், ஒப்பந்தக்காரர் என்று. அவர்களுக்கு அது முதலீடு. தம்பிக்கு அது மகளின் கல்யாணம். இருவரும் ஒரே வளவுக்கு விலை சொல்லும்போது யார் ஜெயிப்பார்?

"நாம் வட்டிக்குப் போவதில்லை, வட்டி வீதம் ஏறினால் என்ன இறங்கினால் என்ன" என்று ஜும்ஆ முடிந்து நிற்கும்போது பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். நியத்து நல்லதுதான். கணக்கு அப்படியில்லை. 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இஸ்லாமிய வங்கி முறை இங்கே சட்டபூர்வமாக வந்தது. வீட்டுக்குக் குறைந்து செல்லும் முஷாரகா முறையில் உதவி எடுப்பவர்கள் இப்போது அதிகம். ஆனால் அங்கே நாம் கட்டும் வாடகைப் பங்கு எதை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது என்று ஒப்பந்தத்தை வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அந்த வாராந்த முதன்மைக் கடன் வீதம்தான் அளவுகோல், அதன் மேல் இத்தனை சதவீதம் என்று. ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை மீளாய்வு. அது ஷரீஅத்படி கூடுமா என்ற கேள்வியை உலமாக்களிடம் விடுகிறேன். அளவுகோலாக மட்டும் பாவிப்பது ஆகுமானது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்வது சிறிய விஷயம். 2021இல் ஒப்பந்தம் செய்து 2022 இறுதியில் மீளாய்வுக்குப் போனவரின் மாதக் கட்டணம் எப்படி ஏறியிருக்கும் என்று யோசியுங்கள். அதே ஆள் இப்போது குறைக்கும்படி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கேட்காமல் பழைய வீதத்திலேயே கட்டிக்கொண்டிருந்த இருவரை எனக்குத் தெரியும்.

ரியாலின் கதையைச் சொல்லாமல் விட முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 203 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360. கட்டார் ரியால் டொலரோடு கட்டப்பட்டது என்பதால் 55 ரூபாவிலிருந்து 98, 99 வரை போனது. கட்டாரில் மாதம் 2,000 ரியால் மிச்சம் பிடிக்கும் பொடியனுக்கு, அது 1,11,000 ரூபாவாக இருந்தது, இரண்டே மாதத்தில் 1,98,000 ஆனது. ஊரில் காணி விலை அவ்வளவு ஏறவில்லை. ஆகவே அவனுக்கு எங்கள் வளவு மலிவாகிவிட்டது. அவனைக் குறை சொல்லவில்லை, பாலைவன வெயிலில் உழைத்த சல்லி. ஆனால் பிரதேச சபையில் வேலை செய்யும், பாடசாலையில் படிப்பிக்கும், கடையில் கணக்கு எழுதும் ஒரு வாப்பா அந்த வருடத்திலிருந்து இந்தச் சந்தையில் பின்வரிசைக்குப் போய்விட்டார். பிறகு ரூபா 300 அளவுக்கு வந்தபோதும் விலை திரும்பி இறங்கவில்லை.

இத்தனைக்கும் மேலாக இடம் இல்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரமாகப் போனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் முதலில் 200 மீற்றர் வரை கட்டக்கூடாது என்றார்கள், பிறகு தளர்த்தினார்கள். ஆனாலும் கடல் வாசலில் மகளுக்கு வீடு கட்ட யாருக்கும் மனம் வராது. வயலை மண் போட்டு நிரப்புவதென்றால் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். அது வேண்டும்தான், சோறு தின்ன வேண்டாமா? காத்தான்குடியைப் பற்றிச் சொல்லத் தேவையே இல்லை. இருபது பேர்ச்சஸ் வளவை இரண்டு மகள்மாருக்குப் பிரித்து, அவர்கள் தங்கள் மகள்மாருக்குப் பிரித்து, கடைசியில் மேலே மாடி எடுப்பதுதான் வழி என்று ஆகிவிட்டது.

மாடி எடுப்பதும் இலேசில்லை. 2021இல் ஆயிரம் ரூபா அளவில் வாங்கிய சீமெந்துப் பை 2022 நடுவில் மூவாயிரத்தைத் தொட்டது. பிறகு குறைந்தாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதம் ஆனது. மேசன் பாஸின் நாட்கூலி ஏறியது ஏறியதுதான். 2024 செப்டெம்பரிலிருந்து 2025 ஜூலை வரை பதினொரு மாதம் நாட்டில் பணவீக்கம் எதிர்மறையாக இருந்தது. பொருட்களின் பொது விலைமட்டம் முந்திய வருடத்தை விடக் குறைவு. அந்தப் பதினொரு மாதத்தில் எங்கள் ஊரில் ஒரு வளவு விலை குறைந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஏனென்றால் எங்கள் ஊரில் வீடு என்பது கல்யாணத்தின் நிபந்தனை. இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது, நானும் வீட்டோடுதான் கல்யாணம் முடித்தவன். பெண் வீட்டார் வீடு கொடுக்க வேண்டும் என்ற வழக்கம் இருக்கும் வரை, விலை எவ்வளவு ஏறினாலும் வாங்குபவர் விலகிப் போக மாட்டார். சாதாரணச் சந்தையில் விலை ஏறினால் வாங்குபவர் வாடகைக்குப் போவார், வேறு ஊருக்குப் போவார், இரண்டு வருடம் தள்ளிப் போடுவார். குமர்ப் பிள்ளையை வைத்துக்கொண்டு தள்ளிப் போட முடியுமா? இது விற்பவருக்கும் புரோக்கருக்கும் நன்றாகத் தெரியும். நிகாஹ் பேசியாகிவிட்டது என்ற செய்தி வெளியே போனால் விலை அன்றைக்கே ஏறும். தம்பி இந்தமுறை கல்யாணம் பேசியதையே வெளியே விடாமல் வளவை முடித்தான்.

விலை அதிகமா குறைவா என்று பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே கைக்கணக்கு வாடகைதான். பக்கத்தில் அதே மாதிரி வீடு மாதம் 35,000 ரூபா வாடகைக்குப் போனால் வருடம் 4,20,000. வீட்டு விலை ஒரு கோடி என்றால் 24 வருட வாடகை. இந்த எண் முப்பது, முப்பத்தைந்து என்று போனால் நீங்கள் குடியிருக்கும் வசதியை வாங்கவில்லை, நாளைக்கு இன்னும் ஏறும் என்ற நம்பிக்கையை வாங்குகிறீர்கள். தம்பிக்கும் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினேன். "மாப்பிள்ளைட உம்மாக்கிட்ட இந்தக் கணக்கக் காட்டுங்க காக்கா" என்றான்.

விலைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவர வழி இல்லாமல் இல்லை. சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த வேலைத்திட்டத்தில், ஆதன வரிக்காக நாடளாவிய விற்பனை விலை, வாடகைப் பதிவேடு ஒன்றை அமைப்பதும் அரசாங்கத்தின் கடப்பாடுகளில் ஒன்று. வரி என்றதும் எல்லோருக்கும் பயம், எனக்கும்தான். ஆனால் அந்தப் பதிவேட்டைப் பொதுமக்கள் பார்க்கக்கூடியதாக, பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிட வேண்டும் என்று எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்கலாம். கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதுவரைக்கும் ஊர்ப் பள்ளிவாசல் சம்மேளனமோ வர்த்தக சங்கமோ ஒரு கொப்பியில், பெயர்கள் இல்லாமல், எந்த ஒழுங்கை, எத்தனை பேர்ச்சஸ், என்ன விலைக்குப் போனது என்று மட்டும் எழுதி வைத்தாலே புரோக்கரின் வாய் பாதி அடங்கும்.

ஆனால் அந்தக் கொப்பியிலும் அரசாங்கப் பதிவேட்டிலும் எழுதப்படப்போவது உண்மை விலையா என்பதுதான் கேள்வி. 44 இலட்சத்துக்கு வாங்கிவிட்டு உறுதியில் 25 இலட்சம் என்று எழுதுவது எமது பகுதியில் பாவமாகவே கணக்கெடுக்கப்படுவதில்லை. முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். 44 என்று எழுதினால் 1,75,000 ரூபா, 25 என்று எழுதினால் 99,000. மிச்சம் 76,000. அந்த 76,000 ரூபாவுக்காக நாம் எல்லோரும் ஆளுக்கொரு பொய் விலையைப் பதிந்துவிட்டு, பிறகு ஊரில் உண்மை விலை யாருக்கும் தெரியவில்லை என்கிறோம்.

தம்பியின் உறுதி எழுதும் நாள் அடுத்த வாரம். என்ன தொகை போடுவது என்று நொத்தாரிசு அவனிடம் கேட்டிருக்கிறார், அவன் இன்னும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் 44 என்று போடச் சொல்வேன். அந்த 76,000இல் பாதியை நான் தருகிறேன் என்றும் சொல்ல இருக்கிறேன். அவன் எனக்குத் தர வேண்டியது எதுவும் இல்லை, நான்தான் அவனுக்குக் கொஞ்சம் தர வேண்டியிருக்கிறது.